பாலோ ஆல்டோ நகர மேலாளரின் திங்கட்கிழமை அறிக்கை: ஒரு சேவை மதிப்புரை

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நகர மன்றம் திங்கட்கிழமை மாலைகளில் கூடும்போது, நிகழ்ச்சி நிரலில் நகர மேலாளரின் கருத்துரை என்று ஓர் இனம் வழக்கமாக இடம்பெறுகிறது. சில நிமிடங்களே நீளும் அந்த உரையில், எந்தச் சாலையில் வேலை நடக்கிறது, மழைக்காலத்துக்கு நகரம் எப்படி ஆயத்தமாகிறது, பூங்காவிலும் நூலகத்திலும் என்ன நிகழ்ச்சி வருகிறது, மன்றம் அடுத்து எவற்றை விவாதிக்கப் போகிறது என்பன படவில்லைகளின் (ஸ்லைடுகளின்) துணையுடன் சொல்லப்படுகின்றன. கூட்டத்தை நேரில் மட்டுமின்றி சூம் வழியாகவும் யூடியூபிலும் பார்க்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 68,572 பேர் வாழும் இந்த ஊரில் வரி கட்டுகிறவருக்கு இது கட்டணமின்றிக் கிடைக்கும் சேவை. ஆகவே ஒரு சேவையை மதிப்பிடும் அளவுகோல்களையே இதற்கும் பொருத்திப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியேறியவர்களுக்கு, நகர மேலாளர் என்பவர் யார் என்பதை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. சென்னை மாநகராட்சி ஆணையரை மாநில அரசு நியமிக்கிறது. அவரைத் தேர்ந்தெடுப்பது மாமன்றத்தின் வேலையன்று. பாலோ ஆல்டோவிலோ மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு உறுப்பினர் கொண்ட மன்றமே நகர மேலாளரைத் தேர்ந்து அமர்த்துகிறது. வேண்டாமென்றால் அதே மன்றம் அவரை விலக்கவும் செய்யலாம். மேயர், மன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தமக்குள் ஒருவரைத் தெரிவு செய்து அமர்த்தும் அவைத் தலைவர் மட்டுமே. துறைகளை நடத்துவது மேலாளரின் வேலை. 1908இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டனில் முளைவிட்ட இந்த ஏற்பாடு, 1913 பெருவெள்ளம் ஒஹாயோவின் டேட்டனைச் சீரழித்த பின் அவ்வூர் அதை ஏற்றுக்கொண்டபோது பெரிய நகரங்களின் கவனத்தைப் பெற்றது. இப்போது 16 லட்சம் பேர் வாழும் ஃபீனிக்ஸ் நகரம்கூட இவ்வாறே ஆளப்படுகிறது. பாலோ ஆல்டோவில் 2018 இறுதியில் பொறுப்பேற்ற எட் ஷிகாடா, அதற்கு முன் சான் ஹோசேயிலும் நகர மேலாளராக இருந்தவர். சாலையையும் காவல் துறையையும் நூலகத்தையும் நேரடியாக நிர்வகிக்கும் ஒருவரே முன்வந்து பேசுகிறார் என்பதுதான் இந்த அறிக்கையின் முதல் மதிப்பு. அதன் எல்லையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

மற்ற ஊர்களின் அறிக்கைகளைவிட இதற்குக் கனம் கூடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சுற்றியுள்ள பெரும்பாலான ஊர்களில் மின்கம்பிகள் பிஜி அண்ட் இ என்ற தனியார் நிறுவனத்தின் வசம் இருக்க, பாலோ ஆல்டோவில் மின்சாரம், எரிவாயு, குடிநீர், கழிவுநீர், கண்ணாடி இழைத் தொடர்பு அனைத்தும் நகராட்சிக்கே சொந்தம். எனவே மின்தடையைப் பற்றியோ, மின்வாகனங்களும் மின் அடுப்புகளும் பெருகுவதைத் தாங்க வேண்டிய மின்கட்டமைப்பின் புதுப்பிப்பைப் பற்றியோ மேலாளர் பேசும்போது, வேறொரு நிறுவனத்தின் செய்தியை வாங்கிக் கடத்துகிறவராகப் பேசுவதில்லை. மாதாமாதம் நமக்குக் கட்டணச் சீட்டு அனுப்புகிறவராகவே பேசுகிறார். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்துகிறவர்கள் வசந்தகால அறிக்கைகளைத் தவறவிடக் கூடாது. நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், கட்டண மாற்றத்துக்கான முன்மொழிவுகள் அதற்கு முந்தைய மாதங்களில்தான் மன்றத்துக்கு வருகின்றன. 1996இல் கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவற்றின் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, குறைந்தது 45 நாள் கழித்தே பொது விசாரணை நடத்த வேண்டும். கட்டணத்துக்கு உட்பட்ட சொத்துகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் சார்பில் எழுத்தில் எதிர்ப்பு வந்தால் உயர்வு செல்லாது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இந்தக் காப்பு இல்லை. அஞ்சலில் வரும் அந்த அறிவிப்பின் உறையைப் பிரிக்காமலே காகிதத் தொட்டியில் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருப்பதால், வரும் மாதங்களின் மன்ற விவாதங்களை மேலாளர் முன்கூட்டிச் சொல்லும் அந்த ஒரு படவில்லைக்காகவே அறிக்கையைப் பார்க்கலாம் என்பேன்.

மழைக்கால அறிவிப்புகளும் தரமானவை. சான் பிரான்சிஸ்கிட்டோ ஓடை 1998 பிப்ரவரியில் கரை புரண்டு ஊருக்குள் புகுந்தது. 2022 டிசம்பர் 31 அன்று மறுபடியும் பெருகியது. மணல்மூட்டைகள் எங்கே கிடைக்கும், பாலங்களுக்கு அடியில் நீர்மட்டத்தைக் காட்டும் நேரலைக் கண்காணிப்புப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பன போன்ற செய்திகள் ஒரு நகராட்சி சொல்ல வேண்டிய முறையில், பதற்றமோ அலங்காரமோ இல்லாமல் சொல்லப்படுகின்றன. கலைவிழா, மரம் நடுதல், நூலக நிகழ்ச்சி ஆகிய அறிவிப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குழந்தைகள் உள்ளவர்களுக்குப் பயன்படும், மற்றவர்கள் கடந்து போகலாம்.

குறைகளுக்கு வருகிறேன். அறிக்கை மீது விவாதம் கிடையாது. இதை மேலாளரின் குறையாகக் கொள்ள முடியாது. உள்ளாட்சி மன்றங்கள் மக்கள் முன்னிலையில் கூட வேண்டும் என்று கலிபோர்னியாவில் 1953ஆம் ஆண்டு வந்த பிரவுன் சட்டம் விதித்த கட்டுப்பாடு இது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளை மன்றம் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. உறுப்பினர் ஒருவர் சுருக்கமாக விளக்கம் கேட்கலாம், அல்லது அதைப் பின்னொரு நாள் நிரலில் சேர்க்கச் சொல்லலாம். மறைவில் முடிவெடுப்பதைத் தடுக்க வந்த நல்ல சட்டத்தின் பக்கவிளைவாக, மேலாளர் சொல்லும் செய்தி எதிர்க்கேள்வியைச் சந்திக்காமலே அவையைக் கடந்துவிடுகிறது. அப்படிக் கடந்த செய்தியை நடுநிலையான தகவலென்று எடுத்துக்கொள்வதில் கவனம் தேவை. எந்தப் பணி முடிந்தது என்பது அதில் தெளிவாக வரும். அந்தப் பணி ஏன் தாமதமானது, யார் எதிர்த்தார்கள், மாற்று யோசனை என்ன இருந்தது என்பன பெரும்பாலும் வராது. திருமண அழைப்பிதழைப் படித்து அந்தக் குடும்பத்தின் வரலாற்றை அறிந்துகொள்ள முடியாததைப் போன்றதே இது.

அறிக்கையில் வராதவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 ஜனவரியில் பாலோ ஆல்டோ காவல் துறை தன் வானொலித் தொடர்பை வெளியார் கேட்க முடியாதபடி குறியாக்கம் செய்தது. தனிநபர் விவரங்களைக் காக்குமாறு மாநில நீதித் துறை 2020இல் அனுப்பிய குறிப்பை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். ஆனால் மன்றத்தில் பொது விவாதம் ஏதும் நடக்காமலே அந்த மாற்றம் வந்துவிட்டது. விஷயத்தை விடாமல் எழுதியவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர்கள். 2022இல் புதிய காவல் தலைவர் குறியாக்கத்தை விலக்கினார். நிர்வாகம் தன் சார்பில் வெளியிடும் அறிக்கையை எவ்வளவு ஒழுங்காகப் படித்திருந்தாலும் இத்தகைய தொடர்கதை அதில் கிடைத்திருக்காது. பாலோ ஆல்டோ வீக்லி போன்ற பத்திரிகை இன்னும் உயிரோடு இருப்பது இவ்வூரின் கொடுப்பினை. அதை நடத்தும் நிறுவனம் 2024இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறியது என்பதிலிருந்தே, உள்ளூர்ச் செய்தித் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பது விளங்கும்.

பத்திரிகையின் கண் படாத ஊரில் என்ன நேரலாம் என்பதற்கு இதே மாநிலத்தில் சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 35,000 பேர் வாழும் பெல் என்ற சிறு நகரில், நகர மேலாளர் ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு எட்டு லட்சம் டாலரை நெருங்கும் சம்பளம் பெற்றுவந்ததை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2010இல் வெளிக்கொண்டுவந்தது. 2014இல் அவருக்கு 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாலோ ஆல்டோவையும் பெல்லையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. இங்கே ஊதியம், ஒப்பந்தம், செலவு எல்லாம் ஆவணங்களாகத் திறந்து கிடக்கின்றன. நிர்வாகி எழுதும் செய்தி நிர்வாகியைத் தணிக்கை செய்யாது என்பதற்காகவே பெல்லை இங்கே சுட்டுகிறேன்.

ஐந்தில் மூன்றரை மதிப்பெண் தருவேன். தகவலின் துல்லியத்துக்கும் சுருக்கத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு. குறைத்தது, முடிவுகளின் பின்னணி பற்றிய மௌனத்துக்கு. புதிதாகக் குடிவந்தவர்கள், வீட்டு உரிமையாளர்கள், ஓடைக் கரையோரம் வசிப்பவர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மன்ற அரசியலை அறிய விரும்புகிறவர்கள், அறிக்கையில் வரும் எதிர்கால விவாதப் பொருள்களைக் குறித்துக்கொண்டு, அந்தந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு இணைக்கப்படும் அலுவலர் குறிப்பைத் திறந்து படிக்க வேண்டும். செலவு எவ்வளவு, பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது, மன்றத்திடம் அலுவலர்கள் என்ன பரிந்துரைக்கிறார்கள் என்பவை அங்கேதான் இருக்கும். குறிப்பாக, தனித்தனி விவாதமின்றி ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக நிறைவேறும் இனங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெரிய ஒப்பந்தங்கள் பல அதில் சத்தமின்றி அமர்ந்திருக்கும்.

நகர நிர்வாகம் ஒரே ஒரு சேர்க்கைக்கு இசைந்தால் என் மதிப்பெண் நான்கரைக்கு உயரும். வரவிருக்கும் பொருள்களைக் காட்டும் படவில்லைக்கு முன்பாக, முந்தைய கூட்டத்தில் எந்தத் தீர்மானம் எத்தனைக்கு எத்தனை என்று நிறைவேறியது, எதிர்த்து வாக்களித்த உறுப்பினர்கள் யார் யார் என்பதை மட்டும் காட்டும் இன்னொரு படவில்லை வேண்டும். கூட்டக் குறிப்பில் ஏற்கெனவே பதிவாகும் விவரம்தான் என்பதால், அலுவலர்களுக்கு இதனால் பெரிய வேலை கூடிவிடாது.