வின்சென்ட் தே பவுல் சபை: வீடு தேடி வந்த உதவி

தூத்துக்குடியில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், இருக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கிளையைப் பற்றி எழுதுகிறேன். கஷ்டப்படுகிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவும் அமைப்பு இது. கடைக்கும் ஓட்டலுக்கும் மதிப்புரை எழுதுகிறோம், இதற்கு அவசியம் எழுத வேண்டும். கஷ்டத்தில் இருக்கும் பலருக்கு இப்படி ஒன்று தங்கள் கோவிலிலேயே இருப்பது தெரியவில்லை.

என் கணவருக்கு உப்பளத்தில் வேலை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வெயில் காலத்தில் உப்பு வாரினால்தான் எங்களுக்கு வருமானம், அந்த வருடம் அது போனது. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவை அன்பியம் என்போம்; எங்கள் அன்பியத் தலைவிதான் சபையில் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, இன்னொருவர் கல்லூரியில் படிக்கிற தம்பி. இந்தச் சபையில் எப்போதும் இரண்டு பேராகத்தான் வீடு சந்திப்பார்களாம்.

வந்ததும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. "நீ வேலையைப் பாரும்மா, நாங்க இவர்கூடக் கொஞ்சம் பேசிட்டிருக்கோம்" என்றார் அண்ணாச்சி. என் கணவருக்கு அப்போது வாய் குழறும். ஒரு சொல் வர நேரமாகும். அந்தச் சொல்லை இவர்களாக எடுத்துக் கொடுக்காமல், அவரே சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். இந்தச் சபையின் சேவையில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான்.

அப்புறம் மளிகை. பை பையாகக் கட்டிக்கொண்டு வந்து தெருவே பார்க்கக் கொடுக்கவில்லை. நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையிலேயே கணக்குச் சொல்லிவைத்தார்கள், எனக்கு வேண்டிய அரிசி பருப்பை நானே போய் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் வேறொரு அறக்கட்டளையில் அரிசி வாங்கப் போய், பேனருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எங்கள் பெயரைக் கோவிலில் வாசிக்கவும் இல்லை.

எனக்குத் தெரியாத இன்னொரு வேலையையும் செய்து கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ் வரை கூடவே வந்து முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தது அந்தத் தம்பிதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும் என்று சொன்னதும் அவர்தான்.

இந்தச் சபையை 1833-ல் பாரிசில் தொடங்கியவர்களிலும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்களே. அவர்களில் முக்கியமானவரான பிரடெரிக் ஓசானாமுக்கு அப்போது வயது 20. ஏழை வீடுகளுக்குப் போவது எப்படி என்று ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வெறும் கையோடு வந்து பேசிவிட்டுப் போனாலும் வந்ததுதான் என்று இவர்கள் நினைப்பது அங்கிருந்து வந்த பழக்கமாக இருக்கும்.

பணம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சபைக் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், எவ்வளவு என்று அடுத்தவருக்குத் தெரியாமல் ஒவ்வொருவரும் அதில் போடுவார்கள். உண்டியல் காணிக்கையும் கொஞ்சம் சேரும். ஆபரேஷன் செலவையோ கடனையோ அது தாங்காது. வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலமோ ஞாயிறோதான் வர முடியும்.

உதவி வேண்டுமென்றால் அன்பியத் தலைவரிடமோ பங்கு அலுவலகத்திலோ சொன்னால் போதும். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கள் தெருவில் ஓர் இந்துக் குடும்பத்துக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டாரைச் சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.