டவுன் மேட்சிங் கடை: ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்காக

சேலைக்குப் பொருத்தமாக பிளவுஸ் துணி, லைனிங், ஃபால் விற்கிற மேட்சிங் கடை இல்லாத ஊர் கிடையாது. திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளைச் சுற்றியே பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் அங்கே பிளவுஸ் எடுக்கப் போவது அபூர்வம். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறேன், அதற்காகப் போகிறேன். துணி, நூல், ஊசி எல்லாம் வீட்டில் இருந்தும் அடுத்து என்ன தைப்பது என்று கை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் இந்தக் கடைக்குப் போங்கள்.

வடக்கு ரத வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடை அண்ணாச்சியே கேட்டுக்கொண்டார். "இருக்க கூட்டத்துக்கே பிள்ளைய காணாது டீச்சரம்மா" என்றார். அவர் சொல்லைத் தட்ட மனமில்லை. டவுனில் தையல்காரர் யாரிடமாவது மீதித் துண்டு நிறுத்துப் போடுகிற மேட்சிங் கடை எது என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.

உள்ளே நுழைந்தால் மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை டூ பை டூ ரூபியா என்கிற பிளவுஸ் துணி. ஊடு, பாவு இரண்டிலும் இரட்டைப் புரி நூல் என்பதால்தான் டூ பை டூ என்கிறோம். ஒட்டு வேலைக்கு அது பெரிய வசதி. துணி மெல்லிசுதான், ஆனால் உள்ளே மடித்த தையல் மேலே தெரியாது. சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினாலும் மல் துணி மாதிரி நூல் பிரிந்து கொட்டுவதில்லை. பன்னா, அதாவது துணியின் அகலம், 36 இஞ்ச். நான் கடைசியாக வாங்கியபோது மீட்டர் 110 ரூபாய்.

ஆனால் அந்த அலமாரியின் அழகு நிறத்தில் இருக்கிறது. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் அதைவிட ஒரு சாயல் கூடினது, அதற்குப் பக்கத்தில் இன்னும் கூடினது என்று அடுக்கியிருக்கிறார்கள். அரக்கு, மிளகாய்ச் சிவப்பு, வாடாமல்லி, கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள், சந்தனம், பாக்கு, கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, மயில் கழுத்து, ஆனந்தா நீலம், எம்.எஸ். நீலம். பச்சையில் மட்டும் ஒரு முழு வரிசை ஓடுகிறது. பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி எதுவும் கிடையாது. எல்லாமே பிளெயின். அச்சுத் துணியில் நிறத்தோடு பூவும் இலையும் சேர்ந்து கண்ணை இழுக்கும், எது எதோடு சேர்கிறது என்று தெரியவே தெரியாது. இங்கே நிறம் மட்டும் தனியாக நிற்கிறது. ஒட்டுப்போர்வைக்கு யோசனை அங்கிருந்துதான் பிறக்கும் என்பது என் அனுபவம்.

என் தங்கை அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறாள். அவளும் க்வில்ட் தைப்பவள், இந்தக் கலையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அங்கே நவம்பரில் விழ ஆரம்பிக்கிற பனி ஏப்ரலில்கூட வந்து எட்டிப் பார்க்கும். டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கே பொழுது அடைந்துவிடும். ஜனவரியில் மைனஸ் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குகிற நாட்களும் உண்டு. அந்த ஊர்ப் பெண்களுக்குத் தைக்கிற காலமே அதுதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு போர்வையைத் தொடங்கிவிடுவார்களாம். ஆனால் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் ஒரு கட்டத்தில் யோசனை வற்றிப்போகிறது. போன வருஷம் போனில் பேசும்போது, "அக்கா, ஜன்னல்ல பாத்தா வெள்ளை, இல்லன்னா சாம்பல். கண்ணு பட்டினி கெடக்கு. நம்ம ஊர் கலர் ஏதாவது குடுத்து விடு" என்றாள். அங்கே நல்ல பருத்தித் துணி ஒரு கெஜம் 12, 13 டாலர். ஆசைக்கு வாங்கி வெட்டிப் பார்க்கிற விலையா அது? அவள் மகன் ஊருக்கு வந்திருந்தான். அவன் பெட்டியில் ஊறுகாய், அப்பளம் போக மீதி இடம் முழுக்கத் துணி வைப்பதாகச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன்.

அண்ணாச்சியிடம் எனக்குப் பிடித்த குணம், என்ன நிறம் வேண்டும் என்று அவர் கேட்பதே இல்லை. "கலரச் சொல்லிக் கேக்காதிய டீச்சரம்மா, எடுத்துப் போட்டுப் பாருங்க. மடிக்கதுக்குப் பிள்ளைய இருக்கு" என்பார். நான் ரோல்களை இறக்கச் சொல்லி, கவுண்டரில் ஒன்றோடு ஒன்று ஓரம் தொடும்படி விரித்துப் பார்ப்பேன். அன்றைக்கு வெங்காயச் சருகு நிறத்தைச் சந்தனத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது வெளிறி, சோர்ந்து தெரிந்தது. அதையே பாட்டில் பச்சையின் ஓரத்தில் வைத்ததும் உள்ளிருந்து சிவப்பு எழும்பி வந்தது. ஒரே துணிதான், பக்கத்து நிறம் மாறியதும் ஆளே மாறிவிட்டது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மாம்பழ மஞ்சளைச் செருகினேன். கடைப்பிள்ளை ஒருத்தி கையிலிருந்த துணியை மடிக்காமல் நின்று, "யக்கா, இது கோயில் வாழைமரம் கட்டுன மாதிரி இருக்கு" என்றாள். தங்கை தைத்த போர்வையில் அந்த மூன்று நிறமும் அதே அளவில்தான் இருக்கின்றன. வடிவப் புத்தகம் எதிலிருந்தும் வந்ததல்ல அது, அந்த மரக்கவுண்டரில் பிறந்தது.

அடுத்தது ஃபால். சேலைக்கு அடியில் வைத்துத் தைக்கிற அந்த நீளப் பட்டையை ஒட்டுப்போர்வைக்கென்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அது இந்தக் கடையின் பெரிய கண்டுபிடிப்பு. ஃபால் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம், ஐந்து இஞ்ச் அகலம். நடுவில் நீளவாக்கில் வெட்டினால் இரண்டரை இஞ்ச் பட்டை இரண்டு. அமெரிக்காவில் இதே இரண்டரை இஞ்ச் அகலத்தில் நாற்பது பட்டைகளைச் சுருட்டி, ஜெல்லி ரோல் என்று நாற்பது டாலருக்கு மேல் விற்கிறார்கள். நம் கடையில் காட்டன் ஃபால் ஒன்று இருபது ரூபாய், அதுவும் இத்தனை நிறத்தில்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கட்டில் போர்வை 60க்கு 90 இஞ்ச். ஒன்பது சதுரம் சேர்ந்த ஆறு இஞ்ச் கட்டம் ஒன்று, பிளெயின் கட்டம் ஒன்று என்று மாறி மாறி வைத்தால் ஒவ்வொன்றிலும் 75 வேண்டும். 75 ஒன்பது-சதுரக் கட்டத்துக்கு இரண்டரை இஞ்ச் சதுரம் 675. ஒவ்வொரு சதுரமாக வெட்டி உட்கார வேண்டாம். மூன்று பட்டையை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, பிறகு குறுக்கே இரண்டரை இஞ்சுக்கு வெட்டிக்கொண்டே போனால் வேலை மளமளவென்று ஓடும். ஓரத்துக்குக் கால் இஞ்ச் தையல் விட்டால் போதும், இரண்டரை இஞ்ச் சதுரம் தைத்த பிறகு இரண்டு இஞ்சாக நிற்கும், மூன்று சேர்ந்தால் ஆறு இஞ்ச். இதற்கு ஒன்பது ஃபால் தாராளம். பிளெயின் கட்டத்துக்கு ரூபியா இரண்டே முக்கால் மீட்டர். போர்வையின் மேல்பக்கம் முழுக்க 500 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லா ஃபாலும் சரியாக ஐந்து இஞ்ச் இருப்பதில்லை, டேப் வைத்து அளந்து ஒரே அகலமாகப் பார்த்து எடுங்கள்.

தங்கைக்கு லாக் கேபின் என்ற வடிவம் உயிர். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதுதான் மரவீட்டின் கணப்பு அடுப்பு. அதைச் சுற்றி மரக்கட்டை அடுக்குவதுபோல் பட்டைகள், ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். பனிக்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. நடுச் சிவப்புக்கு அரக்கு, வெளிர் பக்கத்துக்குச் சந்தனமும் வெங்காயச் சருகும், அடர் பக்கத்துக்குப் பாக்கும் பாட்டில் பச்சையும் என்று ஃபாலாகவே எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடையின் பின்பக்கம் மூட்டையில் மீதித் துண்டுகள் இருக்கின்றன. பிளவுஸுக்கு 80 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் என்று வெட்டியது போக ரோலின் கடைசியில் நிற்கிற கால் மீட்டர், அரை மீட்டர். கிலோ 300 ரூபாய். எனக்கு மனம் நிறைகிற இடம் இதுதான். வேண்டிய நிறம் வேண்டிய அளவு கிடைக்காது, கிடைத்ததை வைத்துத்தான் யோசிக்க வேண்டும், அப்போது கை தானாகப் புது வழி பார்க்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு கிராமம். அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளைச் சேர்த்துக் குளிருக்குத் தைத்த போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் தொங்கின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது. அந்தக் கோணல் பட்டைகளைப் படத்தில் பார்த்த பிறகு, மீதித் துண்டு மூட்டை முன்னால் உட்காரும்போது எனக்குக் கூடுதல் மரியாதை வந்துவிட்டது.

மூட்டையில் பாலியஸ்டர் கலந்த துண்டும் கிடக்கும், அண்ணாச்சி அதை மறைப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் இரண்டு நூல் உருவி வீட்டில் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசம், தொட்டால் பொடியாகிற சாம்பல். பாலியஸ்டர் உருகி, கடினமான உருண்டையாகச் சுருளும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். இஸ்திரி சூட்டுக்கு ஒன்று தாங்கும், மற்றது சுருங்கும்.

போவதற்கு ஏற்ற காலம் மார்கழி. ஐப்பசி மழையும் தீபாவளிக் கூட்டமும் ஓய்ந்திருக்கும். கல்யாண முகூர்த்தம் கிடையாது, பட்டுச்சேலைக்கு மேட்சிங் தேடி வருகிறவர்கள் குறைவு. ரோல் இறக்கிக் காட்ட ஆளும் நேரமும் இருக்கும். தீபாவளி விற்பனையில் மிஞ்சிய துண்டுகளும் மூட்டையில் நிறைந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. காலையிலேயே கிளம்பினால் வழியெல்லாம் கோலம். நிறத்தைக் கடை கொடுக்கும், வடிவத்தை வாசல்கள் கொடுக்கும். நேர்ப்புள்ளிக் கோலத்தைப் பார்த்தால் சதுரக் கட்டம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி வைத்த கோலத்தின் வெளிவடிவம் அறுகோணம். காகிதத்தை அறுகோணமாக வெட்டி, மேலே துணியை மடித்து, கையால் ஒன்றோடு ஒன்று கோத்துத் தைக்கிற வேலை இருக்கிறதே, அதற்கு இந்த இடைப்புள்ளிக் கோலங்களைவிட நல்ல வரைபடம் நான் பார்த்ததில்லை. போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். கரைக்கு யோசனை வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிற பத்தமடைப் பாயின் ஓரத்தைப் பார்த்தால் போதும், எத்தனை அகலப் பட்டைக்குப் பக்கத்தில் எத்தனை மெல்லிய கோடு என்பதை அந்த நெசவாளிகள் முடிவு செய்து வைத்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் எம்.எஸ். நீலமும் கத்திரிப்பூவும் பிரித்தறிய முடியாது, ரோலை வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்க்கணும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். வயதானவர்கள் அதிக நேரம் நிற்பது கஷ்டம். வெட்டிய துணியைத் திரும்ப வாங்கமாட்டார்கள். தீர்ந்த நிறம் அடுத்த ரோலில் அதே சாயலில் வரும் என்ற உறுதி இல்லை, ஆகவே கொஞ்சம் கூடவே வாங்கிவிடுங்கள். அடர் நிறங்கள் சாயம் விடும். அரக்கைத் தனி வாளியில் நனைத்தபோது தண்ணீர் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்திரி வையுங்கள். துணி சுருங்குவதும் அதிலேயே முடிந்துவிடும்.

நடுவில் வைக்கிற பஞ்சு ஷீட் இங்கே கிடைக்காது. நம் ஊருக்கு அது தேவையும் இல்லை. பழைய எட்டு முழ வேட்டியை நடுவில் விரித்து, அடியில் ஒரு காடாத்துணி வைத்து, கையால் ஓட்டுத்தையல் போட்டால் மார்கழிப் பனிக்குப் போதும். மினசோட்டாவுக்கு அது காணாது, தங்கை அங்கேயே பஞ்சு ஷீட் வாங்கிக்கொள்கிறாள். மெஷினில் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிறவர்கள் 14ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், அதுவும் இந்தக் கடையிலேயே இருக்கிறது.

மீதித் துண்டு மூட்டையைத் திங்கட்கிழமை காலையில் பிரிப்பார்கள். பதினொரு மணிக்குள் போனால் பெரிய துண்டுகள் இருக்கும், அதற்குப் பிறகு தையல்காரர்கள் அள்ளிவிடுவார்கள். ஆனித் தேரோட்ட நாட்களில் அந்தப் பக்கமே வண்டி நுழையாது. ரத வீதியில் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்துவிடுங்கள். துணிப்பை ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோங்கள், கிலோ கணக்கில் வாங்கினால் கனக்கும்.