வலைக் கதவு என்று சொல்லி 13,500 ரூபாயை விழுங்கிவிட்டான், கவனம்!

குறைந்த செலவில் வலைக் கதவு போட வழி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். வழியையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் வீடு கொட்டகலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகள்) கடைசிக் காம்பரா. பின்னால் மாட்டுப்பட்டி. கதவைத் திறந்தால் ஈ, சாத்தினால் விறகடுப்புப் புகை. சின்னவனுக்கு ஓயாத இருமல். அப்போதுதான் போனில் ஒரு விற்பனைப் பக்கம் வந்தது. அலுமினியச் சட்டம், பைபர் வலை, எந்த அளவிலும் செய்து வீட்டுக்கே அனுப்புவார்களாம். பெயர் போடவில்லை, நாளைக்கு வேறு பெயரில் வருவான்.

பேசியவன் வாய் நிறைய அக்கா அக்கா என்றான். நிலையில் டேப் பிடித்துப் படம் அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு, "அக்கா, மேலே 32½ அங்குலம், கீழே 33 இருக்கு. நிலை சாய்ஞ்சிருக்கு. நேரா வெட்டினா மேலே இடிக்கும், நான் சரிச்சு வெட்டித் தாறேன்" என்றான். அந்த அரை அங்குலம் நிலை வைத்த மரவேலை பாஸுக்கே தெரியாது! இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவனை யார்தான் நம்பமாட்டார்கள்? அளவுக்கு வெட்டும் சாமான், அதனால் முழுப் பணமும் முதலில் என்றான். போட்டேன். 13,500.

2024 இல் 1,350 ஆக்கினார்களே தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம், அந்தக் கணக்கில் அம்மாவுக்குப் பத்து நாள் கொழுந்து பறித்த கூலி.

அப்புறம் ஆரம்பித்தது கதை. கினிகத்தேனையில் மண்சரிவு, லொறி நிற்கிறது என்றான். அன்று காலையில்தான் எங்கள் மச்சான் அதே வழியாகக் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினார். பிறகு வலை முடிந்துவிட்டது, பிறகு மெனேஜர் லீவு.

கடைசியில் வந்தது ஒரு பொலித்தீன் பார்சல். கதவு இல்லை. கறுப்புத் திரைச்சீலை, நடுவில் காந்தத் துண்டுகள் தைத்தது, கூடவே ஒரு பிடி குத்தூசி. காந்தத்தில் பாதி ஒட்டவில்லை. இங்கே அடிக்கிற காற்றுக்கு அது கூரைக்கே பறக்கிறது. கேட்டால், "படம் மாதிரிக்குத்தான் அக்கா." திருப்பி எடு என்றேன். "மெனேஜர் பேசுவார்." எந்த மெனேஜரும் பேசவில்லை. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். 13,500 ரூபாய்க்கு ஒரு திரைச்சீலை!

சரி, வழி. 2க்கு 1 அங்குல மரச்சட்டம் நாலு, குறுக்கே சாய்வாக ஒன்று (இல்லாவிட்டால் கதவு தொங்கிவிடும்), ஹார்ட்வெயாரில் அடிக்கணக்கில் வெட்டித் தருகிற பைபர் வலை, மேலே மெல்லிய ரீப்பர் (மரப்பட்டி) வைத்து ஆணி, இரண்டு பிணைச்சல். அவ்வளவுதான். தோட்டத்து நைலோன் வலை வேண்டாம், ஓட்டை பெரிது. முழுப் பணமும் முன்கூட்டிக் கேட்டால் விலகிவிடுங்கள். பில் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பருக்கு அடிக்கலாம், நானும் அடிக்கப்போகிறேன்.

கொட்டகலை, ஹட்டன் பக்கம் மரவேலை பாஸ் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. அட்வான்ஸ் மட்டும் கேட்காதீங்க.