ஹெட்டில் வேலை பார்த்து இரண்டு வருஷம்: நாக்கிங் நின்றதா?

இதே எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் கேட்டார், "ஹெட்டைக் கழட்டி வேலை பார்த்தியே, பலன் உண்டா?" என்று (ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி). பலன் உண்டு. ஆனால் கோபமும் இன்னும் அடங்கவில்லை.

ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். சூடேறியபின் மூன்றாவது கியரில் மேடு ஏறினால் போதும், தகர டப்பாவில் கோலி உருட்டிய மாதிரி சத்தம். இதுதான் நாக்கிங். ஆக்டேன் கூடிய, அதாவது எளிதில் தானே பற்றாத, பெட்ரோல் ஊற்றினேன், கொஞ்சம் அடங்கியது. டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளினேன். சத்தம் நின்றது, இழுவையும் கூடவே போய்விட்டது.

கடைசியில் பிஸ்டன் மேல் ஈயக் கம்பித் துண்டுகளை வைத்து, ஹெட்டை மாட்டி, எஞ்சினை ஒரு சுற்று கையால் சுற்றினேன். நசுங்கிய கம்பியை அளந்தால் 1.7 மிமீ! பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. பிஸ்டன் மேலே வரும்போது விளிம்பில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பிதுக்கி பிளக் பக்கம் தள்ள வேண்டும். அந்தச் சுழற்சியில்தான் தீ வேகமாகப் பரவும். மெல்லிய படலமாக மிச்சமிருக்கும் கலவையும் இரண்டு பக்க உலோகத்திலும் பட்டு ஆறும். 1.7 மிமீயில் பிதுக்கலும் இல்லை, ஆறுவதும் இல்லை. தீ வந்து சேருமுன் ஓரத்துக் கலவை தானே வெடிக்கிறது. ஆங்கிலேய எஞ்சின் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ 1919 வாக்கிலேயே சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) எஞ்சினின் ஹெட்டில் செய்து காட்டிய விஷயம் இது. இதைக்கூடப் பார்க்காமல் எப்படி விற்றார்கள்?

சிலிண்டரின் அடிப்பக்கத்தை லேத்தில் கடைந்து இடைவெளியை 1 மிமீ ஆக்கினோம். 70 மிமீ போரில் (சிலிண்டரின் உள்விட்டம்) 0.7 மிமீ இறக்கினால் சுமார் 2.7 சிசி இடம் குறையும், கம்ப்ரஷன் (கலவை நசுங்கும் அளவு) ஏறும், அதுவும் நாக்கிங்கைக் கூட்டும். அதனால் ஹெட்டில் கலவை எரியும் அறையின் கூரான முனைகளை உருட்டி, சிரிஞ்சில் எண்ணெய் விட்டு அளந்து, பாதி இடத்தைத் திரும்ப எடுத்தோம். முனைகள் சூட்டில் பழுத்துத் தீ மூட்டும் பயமும் போனது. வால்வு பிஸ்டனில் இடிக்காதா என்று களிமண் வைத்துப் பார்த்தபிறகுதான் மூடினோம்.

கம்ப்ரஷன் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். இருந்தும் சாதா பெட்ரோலில், பழைய டைமிங்கில், அதே மேட்டில் சத்தமே இல்லை. முதல் நாள் நம்பாமல் மூன்று முறை ஏறி இறங்கினேன். அப்புறம் 12,000 கிமீ கழித்து லேசாகக் கேட்டது. கழட்டி உள்ளே படிந்த கரியைச் சுரண்டியதும் சரியாகிவிட்டது.

இப்போது இந்த எஞ்சின் ஓடுவதைக் கேட்கவே சுகமாக இருக்கிறது. ஆனாலும் புதிதாக இதை வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன்.