ஃபைபர் மாற்றித் தருகிறோம் என்று வாசலுக்கு வருபவரிடம் ஓடிபி சொல்லிவிடாதீர்கள்

பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மே மாதம் ஒரு மத்தியானம், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பையன் வந்து வாசலில் நின்றிருக்கிறான். ஊரறிந்த ஓர் இணைய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கண்ணாடி இழை வழியாக இணையமும் டிவியும் வரும் ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னானாம். அவன் கிளம்பும்போது அப்பாவின் கணக்கில் 6,600 ரூபாய் குறைந்திருந்தது. பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கேபிள் இணைப்பு துண்டாகியிருந்தது. கேபிள் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எதிர்த்தெருவில் விசாரித்தபோது அங்கும் இரண்டு வீட்டில் இதே பேச்சு, இதே கதை. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் அவன் சொன்னது: "ஐயா, இந்த ஏரியாவுல கேபிள் வயரை எல்லாம் கழட்டப் போறாங்க. அடுத்த மாசத்துல இருந்து ஃபைபர் மட்டும்தான்." இது முழுப் பொய். அப்படி எந்த அறிவிப்பும் எங்கள் பகுதிக்கு வரவில்லை. ஆனால் மின்கம்பங்களில் வயர் கட்டக்கூடாது என்று அவ்வப்போது செய்தி வருவதால் அப்பா நம்பிவிட்டார். மாதம் 599 ரூபாய், எல்லாம் அதிலேயே அடக்கம், வேகம் 200 எம்பிபிஎஸ், இரண்டு டிவியிலும் 400 சேனல், ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் டெபாசிட் திரும்ப வரும். இவ்வளவும் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஓடிபி. "அட்ரஸ் சரிபார்க்க ஒரு நம்பர் வரும், பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டிருக்கிறான். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்களை டக்கென்று வாசிப்பார், ஆங்கிலத்தில் நாலு வரி வந்தால் படிக்கமாட்டார். மூன்று முறை எண் வந்தது, மூன்று முறையும் சொல்லிவிட்டார். பிறகு நான் ஊருக்குப் போய் அந்த மூன்று செய்திகளையும் படித்துப் பார்த்தேன். முதலாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்புக்கு. இரண்டாவது, திட்டத்தின் பெயர், வேகம், காலம் எல்லாம் போட்டு, "இதை ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று கேட்டது. அதில் தெளிவாகவே இருந்தது: 60 எம்பிபிஎஸ், மூன்று மாதம். மூன்றாவதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. "இணைப்பு வேலை திருப்தியாக முடிந்தது" என்பதற்கான ஒப்புதல் அது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் வயரே வந்திருக்கவில்லை. பின்னால் நாங்கள் போன் செய்தபோதெல்லாம், "வாடிக்கையாளரே உறுதி செய்திருக்கிறார் சார்" என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த மூன்றாவது எண்ணைக் காட்டித்தான்.

பணக் கணக்கைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு 3,600, டெபாசிட் 2,000, இணைப்புக் கட்டணம் 1,000, ஆக 6,600. கூகுள் பேயில் அவன் காட்டிய கியூஆர் கோடுக்கு அப்பா அனுப்பினார். நிறுவனத்தின் கணக்கில் ஏறியிருப்பதோ மூன்று மாதக் கட்டணம் மட்டும்: 1,797 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 2,120. டெபாசிட் என்று எதுவும் இல்லை. இணைப்புக் கட்டணம் அந்தத் திட்டத்துக்கு இலவசம். மீதி 4,480 ரூபாய் யாருக்குப் போனது என்பது வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியிலேயே இருந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் அந்தப் பெயர் வந்திருக்கும். நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ கட்டியிருந்தால் இந்த 4,480 போயிருக்காது.

பெட்டி விஷயம் இதைவிட மோசம். எங்கள் வீட்டில் இருந்தது அரசு கேபிள் பெட்டி. "பழைய பெட்டியைக் கொடுங்க, எக்ஸ்சேஞ்சுல 500 ரூபாய் பில்லுல கழியும்" என்று வாங்கிப் போயிருக்கிறான். அந்தப் பெட்டி நமக்குச் சொந்தமே இல்லை. கேபிள் ஆபரேட்டர் வழியாக இலவசமாகத் தந்தது, இணைப்பு வேண்டாமென்றால் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் கேபிள் அண்ணாச்சி வசூலுக்கு வந்தவர், "பெட்டிய யாருட்ட குடுத்திய?" என்று கேட்டபோதுதான் அப்பாவுக்கு விஷயம் உறைத்தது. பெட்டியின் எண் அப்பா பெயரில் பதிவாகியிருக்கிறது, அதற்கு அண்ணாச்சி மேலே கணக்குச் சொல்லியாக வேண்டும். கடைசியில் பெட்டிக்கான பணத்தை நாங்கள்தான் கட்டினோம். பில்லில் 500 ரூபாயும் கழியவில்லை.

மறுநாள் வயர் இழுக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். தெருமுனைக் கம்பத்திலிருந்து முருங்கை மரத்தின் மேலாக இழுத்து, சுவரில் துளை போட நேரமில்லை என்று ஜன்னல் சட்டத்தின் ஓரமாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். இணையம் வந்தது. அன்று சாயங்காலம் கொசு வருகிறதென்று அம்மா ஜன்னலைச் சாத்தினார். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியும் நின்றது.

இதை ஃபைபருக்கு மாறுபவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முன்பு வீட்டுக்கு இரண்டு வழி இருந்தது. டிவிக்குக் கேபிள், இணையத்துக்கு மொபைல். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். இப்போது எல்லாம் ஒரே கண்ணாடி இழையில் வருகிறது, அந்த இழை மடிந்தால் வீட்டில் எதுவுமே இல்லை. கரண்ட் போனாலும் அப்படித்தான். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் டிவியும் ஓடும். மோடத்தை அவர்கள் மாட்டியது இன்வெர்ட்டர் வராத பிளக்கில். கரண்ட் போகும்போதெல்லாம் டிவி எரிகிறது, படம் இல்லை. இரண்டு டிவி என்று சொன்னதும் நடக்கவில்லை. வந்தது ஒரு பெட்டி. அம்மாவின் அறையில் இருப்பது பழைய டிவி, அதில் ஆப் எதுவும் போட முடியாது, அதற்குத் தனிப் பெட்டி, தனிக் கட்டணம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டு வருடமாக நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை நேரில் பார்க்கவில்லை. உள்ளூர் கேபிள் சேனலில் காலையில் தேர் கிளம்புவதிலிருந்து நிலைக்கு வரும்வரை காட்டுவார்கள். தெரிந்த முகங்கள் வடம் பிடிப்பதைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். புதிய பெட்டியில் 400 சேனல் இருந்ததோ என்னவோ, அந்த உள்ளூர் சேனல் இல்லை. உள்ளூர் சேனல்கள் அந்தந்த ஆபரேட்டரின் கேபிளில் வருபவை, இணைய டிவியில் அவை தானாக வந்துவிடாது. இதையும் அந்தப் பையன் சொல்லவில்லை. தேரன்று காலையில் எனக்குப் போன் வந்தது. "ஏல, தேர் வடம் பிடிச்சாச்சாம்ல, இங்க ஒண்ணுமே தெரியல" என்றார். நான் அலுவலகத்தில் இருந்தேன். மொபைலில் ஏதாவது நேரலை கிடைக்கிறதா என்று தேடித் தருவதற்குள் ரத வீதியில் பாதி தூரம் போய்விட்டதாம். 4,480 ரூபாய் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

புகார் செய்த கதை: சிவப்பு விளக்குக்காக ஐந்து முறை போன் செய்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு எண் தந்தார்கள், மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. பணத்தைப் பற்றிக் கேட்டால், அந்தப் பையன் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள், இப்போது அங்கேயும் இல்லை என்றார்கள். அவன் கையில் இருந்த டேப்லெட்டில்தான் அப்பாவின் ஆதார் சரிபார்ப்பு நடந்தது. அந்த டேப்லெட்டில் நடந்த பதிவை வைத்துத்தான் இன்றுவரை எங்களுக்கு பில் போடுகிறார்கள். இணைப்பு மட்டும் அவர்களுடையது, ஆள் அவர்களுடையவர் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நான் ஊருக்குப் போன வாரம், பக்கத்துத் தெருவில் ஃபைபர் வேலை பார்க்கும் ஒரு தம்பியைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தேன். கையில், இழையில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் சின்ன பவர் மீட்டர் வைத்திருந்தார். மோடத்தில் மாட்டியிருந்த பச்சை முனையைக் கழற்றி அதில் சொருகினார். மைனஸ் 29 என்று காட்டியது. "மைனஸ் 27-ஐத் தாண்டினாலே மோடம் தடுமாறும்ண்ணே" என்றார். வயரை விரலால் தடவிக்கொண்டே போய் ஜன்னல் கீல் அருகே நின்றார். இழை அங்கே நசுங்கி, வெள்ளை உறையில் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தை வெட்டி எறிந்து, சுவரில் துளை போட்டு, வளைவு அகலமாக வரும்படி விட்டுப் புது முனை போட்டார். மீட்டரில் மைனஸ் 20. நாற்பது நிமிட வேலை. அன்றிலிருந்து இணையம் ஒருமுறைகூட நிற்கவில்லை. மோடத்தையும் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றிவிட்டோம். ஃபைபர் நல்ல தொழில்நுட்பம், ஒழுங்காகப் போட்டால் கேபிளையும் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியையும் விடப் பல மடங்கு மேல். என் வருத்தம் அதன் மேல் இல்லை, அதை விற்றவர்கள் மேலும், போட்டவர்கள் மேலும்.

உங்கள் வீட்டிலும் மாற நினைத்தால், புதிய இணைப்பு வந்து குறைந்தது ஒரு மாதம் ஓடும்வரை பழைய கேபிளைத் துண்டிக்காதீர்கள். இரண்டு மாதச் செலவு கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை. பெற்றோர் தனியாக இருந்தால் இப்போதே போன் செய்து, ஓடிபி கேட்டால் முதலில் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டு, அப்புறம் சொல் என்று சொல்லிவையுங்கள். டிவிக்காக மாறுபவர்கள், வீட்டில் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதிக் காட்டி, இவை வருமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வயர் போடும்போது யாராவது ஒருவர் கூடவே நில்லுங்கள். ஜன்னல், கதவு இடுக்கு வழியாக உள்ளே வர விடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: போனில் கத்திப் பயனில்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் தீர்வு இல்லையென்றால், அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி அப்படி. கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சேவை ஆட்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இணைய, தொலைபேசி சேவைப் புகார்களை அங்கே கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

நாங்கள் 1915-ல் பதிந்த பத்தாவது நாள், டெபாசிட் என்று வாங்கிய 2,000 ரூபாயை மட்டும் பில்லில் வரவு வைத்தார்கள். மீதி 2,480-க்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம், வங்கிக் குறுஞ்செய்தி, மூன்று ஓடிபி செய்திகள், நசுங்கிய வயரின் படம் எல்லாவற்றையும் இணைத்து. கேபிள் இணைப்பை அண்ணாச்சி திரும்பக் கொடுத்துவிட்டார், அம்மாவின் அறையில் உள்ளூர் சேனல் ஓடுகிறது. முடிவு சொல்ல அவர்களுக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் இதன் கீழேயே எழுதுகிறேன்.