பழைய ஆர்15 வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டுக்கு முன்னால் கூலன்ட்டைப் பாருங்கள்

அறுபதாயிரம் ரூபாய்க்குள் ஃபேரிங் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) போட்ட ஸ்போர்ட்ஸ் பைக் தேடினால், சுற்றிச் சுற்றி வந்து நிற்பது யமஹா ஆர்15 முன்னால்தான். 2008இல் வந்தது முதல் வெர்ஷன். 2011 செப்டம்பரில் வெர்ஷன் 2 வந்தது. 2018இல் 155 சி.சி. என்ஜினோடு வெர்ஷன் 3 வந்த பிறகு, முந்தைய இரண்டும் செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கின. பல வருடம் இந்த வண்டியோடு புழங்கினால் ஒரு விஷயம் தெளிவாகப் புரியும்: ஓடி ஓடித் தேய்ந்த ஆர்15கள் குறைவு. நின்று கெட்டவையும், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லாமல் சூடாகிக் கெட்டவையும்தான் அதிகம். அதனால் மீட்டரில் 60,000 கி.மீ. காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். 18,000 கி.மீ. என்று சொல்லி, இரண்டு வருடம் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே நின்ற வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

எந்த வெர்ஷன் என்று கேட்டால், உடம்பு நன்றாக இருக்கும் வெர்ஷன் 2 தான் என் பதில். இரண்டிலும் 149.8 சி.சி., நான்கு வால்வு, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், 17 குதிரைத்திறன். வெர்ஷன் 2இல் அலுமினிய ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) வந்தது. வீல்பேஸ் (இரு சக்கரங்களுக்கு நடுவிலான தூரம்) 1290 மி.மீ.யிலிருந்து 1345 ஆனது. பின் டயர் 100/80லிருந்து 130/70 ரேடியல் ஆனது. வளைவில் அந்த வித்தியாசம் உடனே தெரியும். பின்னால் ஆள் ஏற்றி தினமும் ஆபீஸ் போகிறவருக்கு மட்டும் முதல் வெர்ஷனின் சீட்டும் உட்காரும் வாகும் உண்மையிலேயே சுகம். ஹோண்டா சிபிஆர்250ஆர் இதைவிடப் பெரிய என்ஜின்தான், ஆனால் ஒரு பேனல் உடைந்தால் தேடி அலைய வேண்டும். நிஞ்ஜா 250ஆர் வாங்கும் விலையில் முடிவதில்லை. பல்சர் 220 பராமரிக்க எளிது, அது வேறு ரகம்.

கையில் 60,000 இருந்தால் வண்டிக்கு 45,000க்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சம் 15,000 முதல் மாதத்துக்கு. டயர், செயின் செட், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), பேட்டரி எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பது பழைய வண்டியில் சகஜம்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

காலையில் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள். இந்த வண்டியில் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். சாவியைத் திருப்பியதும் டேங்க் உள்ளிருந்து பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு நொடி முனகி நிற்க வேண்டும். அதே நேரம் மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏதோ ஒரு சென்சாரில் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விளக்கையே யாரோ மறைத்திருக்கலாம். எத்தனை முறை மினுக்கி நிறுத்துகிறது என்று எண்ணினால், என்ன கோளாறு என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

சோக் தேவையில்லாத வண்டி இது. ஒன்றிரண்டு அழுத்தில் பிடித்து, ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி, சூடானதும் 1,400 சுற்றளவில் நிற்க வேண்டும். முதல் சில நொடி ஹெட் பக்கம் கரகரவென்று சத்தம் வந்து மறைந்தால் டைமிங் செயின் டென்ஷனர் தளர்ந்து வருகிறது. அது சின்னச் செலவுதான். சத்தம் மறையவே இல்லை என்றால் விலையில் குறையுங்கள்.

இனி முக்கியமான இடம். என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பக்கவாட்டு ஃபேரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தாலும் சரி, விடாதீர்கள். (சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) உள்ளே பச்சையோ நீலமோ தெளிந்த நிறத்தில் கழுத்து வரை கூலன்ட் இருந்தால் அந்த ஓனர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர். துருநிறத் தண்ணீர் இருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உப்புப் படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும், அலுமினியம் அரித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) வாட்டர் பம்ப் சீலையோ சந்தேகப்படுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழ் வருவது இயல்பு. நிற்காமல் குமிழ் கொப்பளித்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது, கேஸ்கெட் போய்விட்டது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆயில் மூடி, டிப் ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி). பால் டீ நிறத்தில் குழைந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் கடைத்தெருவுக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் மூடியின் அடியில் லேசாக வெண்படலம் கட்டும், அது வெறும் ஈரம். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் கவலை. வாட்டர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அங்கே கூலன்ட் காய்ந்த கறை தெரிந்தால் உள்ளே சீல் விட்டுக்கொண்டிருக்கிறது. இப்போதே மாற்றினால் சில நூறுகளில் முடியும். விட்டால் என்ஜினைக் கேட்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த என்ஜினின் பிளாக் அப்படிப்பட்டது. பெரும்பாலான பைக்குகளில் அலுமினிய பிளாக்கின் உள்ளே இரும்பு லைனர் இருக்கும். தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் அடித்து (சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். ஆர்15இல் இருப்பது டயாசில் சிலிண்டர். 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம், லைனரே கிடையாது. வெப்பம் சீக்கிரம் வெளியேறும், எடை குறைவு, ஒழுங்காக ஆயிலும் கூலன்ட்டும் இருந்தால் தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் ஒரே ஒரு முறை கூலன்ட் வற்றி, பிஸ்டன் பிடித்து, சுவரில் கீறல் விழுந்தால், போர் அடிப்பதற்கு வழியில்லை. பிளாக்கும் பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட வேண்டும். சில லேத்துகளில் லைனர் இறக்கித் தருகிறேன் என்பார்கள். அப்படி இறக்கிய பிளாக்கில் வெப்பம் முன்போல வெளியேறாது, நெரிசலில் ஃபேன் நிற்காமல் ஓடும். ‘என்ஜின் வேலை புதுசா பண்ணியிருக்கு’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பிளாக் மாற்றினார்களா லைனர் போட்டார்களா என்று கேட்டு பில்லைப் பாருங்கள்.

புகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சூடான பிறகு இரண்டு நிமிடம் ஐடிலில் (முறுக்காமல் ஓட) விட்டு, சட்டென்று முறுக்குங்கள். முதல் மூச்சில் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல், சமாளிக்கலாம். முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஐந்தாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் முழுக்க முறுக்குங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கார் ஆயில் ஊற்றிய வண்டிகளிலும் இப்படி ஆகும். பைக்கின் கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடுவது, ஜாசோ எம்ஏ தரம் போட்ட ஆயில்தான் அதற்கு ஒத்துவரும். திரும்பி வந்ததும் நிறுத்தாமல் ஐடிலில் விடுங்கள், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பிக்க வேண்டும். ஃபேன் வருவதற்குள் டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உடம்பு

விழுந்த வண்டியை ஃபேரிங் மறைத்துவிடும். அதனால் பெயின்ட்டைப் பார்க்காமல் ஹேண்டில் திரும்பி முட்டும் இடத்தைப் பாருங்கள். ஃபிரேமில் இருக்கும் அந்த ஸ்டாப்பர் நசுங்கியிருந்தால் முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது. டெல்டாபாக்ஸ் ஃபிரேமில் எங்காவது வெல்டிங் புதிதாகத் தெரிந்தால் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

வெர்ஷன் 2க்கு நூல் பிடித்துப் பார்க்கும் சோதனை சுலபம். பின் டயர் 130, முன் டயர் 90. வண்டியை நேராக நிறுத்தி, ஒரு பக்கத்தில் பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொடும்படி ஒரு நூலை முன்பக்கம் வரை இழுங்கள். முன் டயருக்கும் நூலுக்கும் நடுவில் சுமார் 20 மி.மீ. இருக்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. ஒரு பக்கம் 10, மறுபக்கம் 30 என்றால் முதலில் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இருபக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அவை சரியாக இருந்தும் நூல் ஒத்துவராவிட்டால் ஃபோர்க்கோ ஃபிரேமோ வளைந்திருக்கிறது. இந்த அளவு கம்பெனி டயர் சைஸுக்கு மட்டும் பொருந்தும். 140 போட்டிருந்தால் கணக்கு மாறும், ஸ்விங் ஆர்மில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்று கேட்பது கோன் செட். நம் ஸ்பீடு பிரேக்கர்களில் இது தேய்ந்தே தீரும், மாற்றக்கூடியதுதான். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செட்டாக மாற்ற வேண்டும். வெர்ஷன் 2க்கு முன்னால் 15 பல், பின்னால் 47, செயின் 428. பிக்கப்புக்காக முன்னால் 14 போட்டிருப்பார்கள். அதில் நெடுஞ்சாலையில் என்ஜின் எப்போதும் கத்திக்கொண்டே ஓடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட டயர், பட்டன் ஆழமாக இருந்தாலும் மழையில் நம்ப முடியாது.

ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் குறுக்கே சின்ன ஓட்டை போட்டிருந்தால் கவனியுங்கள். பந்தயத்தில் போல்ட் கழன்று விழாமல் கம்பி கட்டுவதற்குப் போடும் ஓட்டை அது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடிய வண்டியாக இருக்கலாம். என்ஜின் நன்றாகப் பராமரித்ததாகவே இருக்கும், ஆனால் எத்தனை முறை விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிக்கர் இல்லாத வண்டிக்கு பேட்டரியே உயிர். ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவும், 5,000 ஆர்பிஎம்மில் 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, புது பேட்டரி போட்டாலும் தின்றுவிடும்.

ஆர்சி

பதிவு 15 வருடத்துக்குத்தான். 2011இல் பதிவான வண்டிக்கு 2026இல் முடிகிறது. அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். சத்தமான சைலன்சரும் கண்ணாடி இல்லாத ஹேண்டிலும் அங்கே தேறாது. அதனால் கம்பெனி சைலன்சர் கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் கண்ணால் பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன் பதிவும் அபராதமும் நிலுவையில் இருக்கிறதா பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம் கையில் வந்த பிறகே பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ‘ஓப்பன் லெட்டர்ல கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம் மாத்திக்கலாம்’ என்று கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) சொல்வதைக் கேட்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 149.8 சி.சி. என்பதால் ஒரு லாபம் உண்டு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 150 சி.சி. வரை தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 714 ரூபாய், அதைத் தாண்டி 350 வரை 1,366.

முதல் வாரம்

வாங்கிய அன்றே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஃபில்டரோடு 1 லிட்டர், ஃபில்டர் மாற்றாவிட்டால் 0.95. வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மிதமாக முறுக்குங்கள். அலுமினிய மரை, வேகத்தில் முறுக்கினால் வழண்டுவிடும். பிளக் என்ஜிகே சிஆர்8இ, இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. ஏர் ஃபில்டரும் பிரேக் ஆயிலும் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் ஹோஸில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள், பழைய ரப்பருக்கு இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோலைக் கால் டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். பம்பைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.

கூலன்ட் மாற்ற, ஆறிய என்ஜினில் பழையதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஃபேன் வரும் வரை ஓடவிட்டு, ஆறிய பின் மறுபடி வடியுங்கள். வரும் நீர் தெளியும் வரை இதையே செய்து, கடைசியாகத் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லாத ரெடிமேட் கூலன்ட் நிரப்புங்கள். மூடியைத் திறந்தபடி ஐடிலில் சிறிது நேரம் விட்டால் காற்றுக் குமிழ் வெளியேறி மட்டம் இறங்கும், அதை நிரப்பி மூடுங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் சேறு அடைத்திருந்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு லிட்டருக்கு 40 கி.மீ. அளவில் வரும். மணிக்கட்டு முதல் மாதம் வலிக்கும். தொடையால் டேங்க்கைப் பிடித்து உட்காரப் பழகினால் குறையும். முதல் 500 கி.மீ.க்கு தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் டப்பாவின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்குவது உள்ளே மிச்சமிருந்த காற்றால். ஒரு வாரம் கழித்தும் மட்டம் இறங்கி, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்றால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. அந்த நிலையில் ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டோடு முடியும்.