"ஹெட்லைட்டை மாற்றியாச்சு" என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் கவனம்

இடப்பக்கம் ஓட்டும் நாட்டின் காரை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறவர்கள், அல்லது அங்கிருந்து இங்கே வருகிறவர்கள், ஹெட்லைட் ஒளியின் திசையை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் காரோடு போகவிருந்த ஒருவர், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். "ஹெட்லைட் அட்ஜஸ்ட்மெண்ட்" என்று ஒற்றை வரியில் பில் வந்தது. அங்கே செய்தது இவ்வளவுதான்: இரண்டு விளக்கின் முன்மூடியிலும் ஆளுக்கொரு கறுப்பு டேப் துண்டு, அதோடு டாஷ்போர்டில் இருக்கும், ஒளியை ஏற்றி இறக்கும் லெவல் டயலைக் கடைசி வரை கீழே திருப்பி விட்டார்கள். கடல் தாண்டிய முதல் இரவிலேயே எதிரே வந்த வண்டிகள் ஒன்றுவிடாமல் பிரைட் அடித்துக் காட்டின. அந்தக் காரில் இருந்தவை ப்ரொஜெக்டர் விளக்குகள், அதாவது உள்ளே குவிலென்ஸ் வைத்தவை. பின்மூடியைக் கழற்றினால் திசை மாற்றும் சின்ன லீவர் உள்ளேயே இருக்கிறது. அதை எப்படித் தள்ளுவது என்று காரோடு வந்த கையேட்டில் படமே போட்டிருக்கிறார்கள். காசு வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதில் பணம் போனது சிறிய நஷ்டம். லோ பீம், அதாவது எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த ஒளி, சமச்சீரானது அல்ல என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். எதிர்வண்டி வரும் பக்கம் ஒளியின் மேல்விளிம்பு தட்டையாகத் தாழ்ந்து நிற்கும். சாலையோரப் பக்கம் அதே விளிம்பு ஏறத்தாழ 15 டிகிரி சாய்வாக மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் அறிவிப்புப் பலகையும் தெரிவதற்காகவே அந்த ஏற்றம். இடப்பக்க நாட்டு விளக்கில் இந்த ஏற்றம் இடது பக்கம் இருக்கும். வலப்பக்க நாட்டில் இடது பக்கம்தான் எதிர்வண்டி வருகிறது. ஆக, ஓரத்துக்கென்று வைத்த ஒளி நேராக எதிரே வருபவர் கண்ணில் பாய்கிறது. ஓரத்தில் நடப்பவரோ இருட்டில் நிற்கிறார். இரண்டு உயிர்களோடு விளையாடுகிற வேலை இது. அதனால்தான் டேப் ஒட்டிக் கை கழுவுகிறவர்கள் மேல் இவ்வளவு கோபம்.

டயலைக் கீழே திருப்பினால் போதும் என்பார்கள். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளி 1 சதவீதம் சரிந்தால், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கினால், தட்டை விளிம்பு 65 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அதையே 2.5 சதவீதமாகத் தாழ்த்தினால் 26 மீட்டரில் முடிந்துவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். எதிரே வருபவருக்குச் சமதளத்தில் கூச்சம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஏற்றம் தப்பான பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மேடோ வளைவோ வந்தால் மறுபடி அவர் கண்ணுக்கே போகும்.

டேப் விஷயத்துக்கு வருவோம். முன்கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பழைய விளக்குகளில், ஏற்றத்தை உண்டாக்கும் முக்கோணப் பகுதியைச் சரியாக மறைத்தால் டேப் வேலை செய்தது. ப்ரொஜெக்டரில் கதையே வேறு. அங்கே ஒளியின் விளிம்பை வெட்டுவது உள்ளே இருக்கும் ஒரு தகடு. அந்தத் தகட்டின் விளிம்பைத்தான் லென்ஸ் தலைகீழாகச் சாலையில் காட்டுகிறது. லென்ஸின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் முழுப் படத்துக்கும் ஒளி போவதால், லென்ஸின் ஒரு மூலையை மறைத்தால் ஏற்றம் மட்டும் மறையாது. மொத்த வெளிச்சமும் மங்கும், ஏற்றம் அங்கேயே நிற்கும். போதாததற்கு, இப்போதைய முன்மூடிகள் பாலிகார்பனேட். 55 வாட் ஹாலஜன் பல்புக்கு முன்னால் கறுப்பு டேப் இருந்தால் வெப்பத்தை உறிஞ்சி அந்த இடம் வெளிறலாம், கீறல் விடலாம். அப்புறம் முழு விளக்கையும் மாற்ற வேண்டிய செலவு வரும்.

பல்பைத் திருகி வைத்துத் திசை மாற்றிவிட்டோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எச்7 என்ற ஹாலஜன் பல்பு போட்ட விளக்கில் ஏற்றத்தை உண்டாக்குவது ரிஃப்ளெக்டரின் வடிவம்; ப்ரொஜெக்டர் என்றால் மேலே சொன்ன தகடு. பல்பைத் திருகினால் ஏற்றம் பக்கம் மாறாது. இழை குவிமையத்தை விட்டு விலகி ஒளி சிதறும், அவ்வளவுதான்.

இனி, வண்டியை விடுவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியது. விளக்கின் முன்மூடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ரோமன் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதன் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கைப் பார்த்தபடி நின்றால் உங்கள் வலப்பக்கம் நோக்கும் அம்பு, இடப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கைக் குறிக்கும். அம்பே இல்லையென்றால் வலப்பக்கப் போக்குவரத்துக்கானது. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு இருந்தால் அந்த விளக்கு இரண்டுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. அப்படியானால் ஒளியை வளைப்பதற்கென்று விற்கும் ஸ்டிக்கர் வாங்கவே வேண்டாம், மாற்றும் வழி கையேட்டில் இருக்கும். இங்கே ஒரு பொய் சொல்வார்கள்: "ஈ1 போட்டிருக்கிறது, ஜெர்மன் விளக்கு, ஐரோப்பாவுக்குச் சரி." அந்த எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதை மட்டுமே காட்டும். 1 ஜெர்மனி, 2 பிரான்சு, 11 பிரிட்டன். ஈ1 போட்ட இடப்பக்க விளக்குகள் தாராளமாக உண்டு. பார்க்க வேண்டியது அம்பைத்தான்.

எல்இடி விளக்கு உள்ள புதிய கார் என்றால் திரை மெனுவில் விளக்குப் பகுதிக்குள் பயண முறை அல்லது போக்குவரத்துத் திசை என்று ஒரு தேர்வு இருக்கலாம். ஒரு நிமிட வேலை. இதையே "புரோகிராமிங்" என்று பெயர் சூட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள். சில கார்களுக்கு உண்மையாகவே காரின் கணினியோடு இணைக்கும் டயக்னாஸ்டிக் கருவி தேவைப்படும், மறுக்கவில்லை. சிலவற்றில் எதுவுமே செய்ய வேண்டாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். கையேட்டைப் பார்க்காமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

லீவர் உள்ள விளக்கில் இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். ஒரு பக்கம் கை எட்டவில்லை என்று விட்டுவிடுவது நடக்கிறது. பின்மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து முன்மூடி பனிபிடித்தது போலாகும். செனான் விளக்கு என்றால் அதைப் பற்றவைக்கும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். விளக்கை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது.

ஸ்டிக்கர்தான் வழி என்று கையேடு சொன்னால், பட்டகம் போல ஒளியை வளைக்கும் ஸ்டிக்கரை உங்கள் கார் மாடலுக்கான வரைபடத்தோடு வாங்குங்கள். வரைபடம் இல்லாமல் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்பது குப்பை. ஏனென்றால் ஒளி வெளியேறும் இடம் மாடலுக்கு மாடல் மாறும்; இரண்டு செ.மீ. தள்ளிப் போனால் பயனில்லை. விளக்கு ஆறியிருக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்கள். கடுங்குளிரில் பசை பிடிக்காது. அடிக்கடி நடக்கும் தவறு, வரைபடத்தில் 'இடது' என்பது காருக்கு முன்னால் நின்று பார்ப்பவரின் இடதா, ஓட்டுநரின் இடதா என்று குழம்பி இரண்டையும் மாற்றி ஒட்டுவது. உயரழுத்தத் தண்ணீரில் கழுவினால் ஓரம் எழும்பிவிடும்.

எந்த முறையில் செய்தாலும் பட்டறையை விட்டு வருவதற்கு முன் சுவரில் காட்டச் சொல்லுங்கள். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போடுங்கள். மாற்றாத நிலையில், தட்டை விளிம்பு மேலே ஏறத் தொடங்கும் முறியும் புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் போனால் விளிம்பு சுமார் 27 செ.மீ. ஏறியிருக்கும். மாற்றிய பிறகு பழைய பக்கத்தில் அந்த ஏற்றம் இருக்கக் கூடாது. தட்டையாகவோ எதிர்ப்பக்கம் ஏறியோ இருக்கலாம். மாற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் "அட்ஜஸ்ட்மெண்ட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். லீவரா, மெனுவா, ஸ்டிக்கரா என்று எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் பேசுவதற்கு அந்த ஒரு சொல்தான் ஆதாரம்.

வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஜப்பான் இடப்பக்க நாடு. அங்கிருந்து வலப்பக்க நாட்டுக்கு வந்த காரில் ஸ்டிக்கரை ஒட்டி "கன்வர்ஷன் முடிந்தது" என்று விற்றால் நம்பாதீர்கள். ஸ்டிக்கர் சில வாரப் பயணத்துக்கானது. நிரந்தரமாக ஓட்ட அந்த நாட்டுக்குரிய விளக்கே வேண்டும். 1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியபோது வண்டிகளின் ஹெட்லைட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. அன்று பெரும்பாலும் ஒரே அளவிலான வட்ட விளக்குகள் என்பதால் செலவு தாங்கியது. இன்று மாடலுக்கு ஒரு விளக்கு, அதனால்தான் இந்தக் குறுக்குவழி. விபத்தில் உடைந்த ஒரு விளக்குக்குப் பதில், உதிரிக் கடையிலிருந்து எதிர்ப்பக்க நாட்டு விளக்கை மலிவாக மாட்டிவிடுவதும் இதே ரகம். இரண்டு விளக்கின் அம்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஊர் திரும்பியதும் லீவரையும் மெனுவையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்கி, நகத்தால் மெதுவாக உரியுங்கள். பிளேடு வேண்டாம். மிஞ்சிய பசைக்கு அதே ஆல்கஹால் போதும். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டில் நுண்கீறல் விழச் செய்யும். பிறகு மறுபடி அதே சுவர், அதே 10 மீட்டர், முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.